மணி பிளாண்டும் வேண்டும், பூனையும் வேண்டும்: எந்த வீட்டுக்கு எந்த ஏற்பாடு?

கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது. கொண்டோ அடுக்குமாடி வீட்டில் இருபது தொட்டிகள். புதிதாக ஒரு கம்போங் பூனைக்குட்டி, அதாவது நாட்டுப் பூனைக்குட்டி, வந்து சேர்ந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் இருபதில் பாதிக்கு மேல் நச்சு என்கிறார்கள். செடிகளைத் தூக்கிக் கொடுத்துவிடுவதா, உயரத்தில் மாட்டுவதா, கண்ணாடி அலமாரியில் பூட்டுவதா, பால்கனிக்கு ஒதுக்குவதா, கசப்பு ஸ்பிரே வாங்கி அடிப்பதா?

ஐந்துமே நடைமுறையில் இருக்கும் வழிகள்தான். ஒரு வீட்டில் நன்றாக ஓடும் ஏற்பாடு பக்கத்து வீட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதற்குக் காரணம் இருக்கிறது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

பெரும்பாலும் பகிரப்படுவது அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கமான ஏஎஸ்பிசிஏ-வின் பட்டியல். நம்பலாம். ஆனால் அது செடிகளை நச்சு, நச்சில்லை என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. லில்லியும் மணி பிளாண்டும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். ஒன்று பூனையைக் கொல்லும். மற்றது வாயை எரியவைத்து எச்சில் வடிய வைக்கும். இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் பலர் முடிவெடுக்க முடியாமல் திணறுகிறார்கள்.

ஆகவே முதல் அளவுகோல், ஒரு கடிக்கு என்ன ஆகும் என்பது. அதை வைத்து வீட்டுச் செடிகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

*கொல்லக்கூடியவை.* லில்லியம் இனத்து லில்லிகளும் டே லில்லியும் முதலிடம். இலை, இதழ், தண்டு, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் என எதுவும் விலக்கில்லை. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில், சோர்வு. பிறகு கொஞ்சம் தேறியதுபோல் ஒரு தோற்றம். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீரகச் செயலிழப்பு. சீனப் பெருநாளுக்குப் பூச்செண்டில் வரும் பெரிய வாசனை லில்லிகள் இந்த வகைதான். அடுத்து, டெரஸ் வீட்டு வாசலில் அழகுக்கு நிற்கும் சாகோ பாம். பெயரில்தான் பாம், அது சைக்கஸ் இனம். சைக்காசின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கும், விதையில்தான் அதிகம். மூன்றாவது, பூஜைக்குப் பறிக்கும் அரளி, மஞ்சள் அரளி, கெம்போஜா ஜெப்புன் என்று நர்சரியில் விற்கும் அடீனியம். இவை இதயத் துடிப்பைக் குலைக்கும்.

*வாயைப் புண்ணாக்குபவை.* மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், அக்லோனிமா, டீஃபன்பாக்கியா, கெலாடி வகைகள், சிங்கோனியம், பீஸ் லில்லி, கால்லா லில்லி. கடைசி இரண்டும் பெயரளவில்தான் லில்லி. சிறுநீரகத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இந்தக் கூட்டத்தின் இலைகளில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். கடித்ததும் அவை நாக்கிலும் அண்ணத்திலும் குத்தும். பூனை வாயை முன்காலால் தேய்க்கும், எச்சில் வடியும், சில சமயம் வாந்தி எடுக்கும். தொண்டை வீங்கி மூச்சு முட்டுவது அரிது, ஆனால் நடக்காதது இல்லை. முதல் கடியிலேயே வலி கிளம்புவதால் பெரும்பாலான பூனைகள் அதிகம் தின்னாமல் விட்டுவிடும்.

*வயிற்றைக் கலக்குபவை.* லிடா ஜின் எனும் பாம்புச் செடி, டிரசீனா, 'லக்கி பேம்பு' (இதுவும் டிரசீனாதான், மூங்கில் இல்லை), ஜேட் செடி, சோற்றுக்கற்றாழை. வாந்தி, பேதி, மந்தம். கலாஞ்சோவும் பெரும்பாலும் வயிற்றோடு நிற்கும். அளவு கூடினால் இதயத்தையும் தொடும் என்பதால் அதை முதல் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பதே உசிதம்.

இரண்டாவது அளவுகோல் பூனையின் குணம். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டி கண்டதையெல்லாம் கடிக்கும். எட்டு வயதுப் பூனை, இத்தனை காலம் இலையைத் திரும்பிப் பார்க்காதது என்றால், பெரும்பாலும் இனியும் பார்க்காது. ஒரு சுலபமான சோதனை உண்டு: தொட்டியின் இலை ஓரங்களைப் பாருங்கள். பல் பதிந்த சிறு துளைகளோ நார் நாராகக் கிழிந்த நுனியோ இருந்தால், உங்கள் பூனை மெல்லும் கட்சி. பூச்சி அரித்த இலையில் ஓட்டையின் விளிம்பு மழுங்கி இருக்கும். பூனை கடித்ததில் இலை மடங்கி, நசுங்கி, பழுப்புக் கோடு விழுந்திருக்கும்.

மூன்றாவது வீடு: சொந்தமா வாடகையா, பால்கனி உண்டா, ஜன்னல் எந்தத் திசை. நான்காவது, வாரத்துக்கு எவ்வளவு நேரம் தருவீர்கள். ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம்: ஏற்பாடு தவறும் நாளில் என்ன ஆகும்? எல்லா ஏற்பாடும் ஒரு நாள் தவறும். கதவை ஒருவர் திறந்து வைப்பார், ஒரு இலை உதிரும். அப்போது கீழே விழுவது மணி பிளாண்ட் இலையா, அரளி இலையா?

இந்த ஐந்தாவது கேள்வியோடு பார்த்தால் ஒன்று உடனே தெளிவாகும். முதல் கூட்டத்துச் செடிகளுக்கு ஒப்பீடே தேவையில்லை. வெளியேற்றுவது ஒன்றே வழி. கீழே வரும் வாதமெல்லாம் மற்ற இரண்டு கூட்டங்களுக்குத்தான்.

## ஐந்து வழிகள் ஒரே பார்வையில்

| வழி | கொல்லும் செடிக்கு | வாய், வயிற்றுச் செடிக்கு | வாராந்தர வேலை | பெரும்பாலும் தவறும் இடம் |
|---|---|---|---|---|
| அகற்றி மாற்றுவது | ஆம் | ஆம் | குறைவு | புதுச்செடியோடு வரும் மருந்து |
| உயரத்தில் மாட்டுவது | கூடாது | சில வீடுகளில் | நடுத்தரம் | உதிரும் இலை, பக்கத்து சோபா |
| கண்ணாடி அலமாரி | கூடாது | மிக நன்று | அதிகம் | கதவு, கத்தரித்த துண்டு |
| பால்கனிக்கு ஒதுக்குவது | கூடாது | நன்று | குறைவு | துணி எடுக்கப் போகும் நேரம் |
| ஸ்பிரே, வாசனை | கூடாது | நம்ப முடியாது | தினமும் | எல்லா இடத்திலும் |

## அகற்றி, பாதுகாப்பானதை வைப்பது

செலவு குறைவு, மனக்கவலை அதைவிடக் குறைவு. பெருந்தொற்றுக் காலத்தில் கெலாடிக்கும் மான்ஸ்டெராவுக்கும் பணத்தைக் கொட்டியவர்களுக்கு மட்டும் மனது வராது. அது புரிகிறது.

நம் சமவெளி வெப்பத்தில் எது நன்றாக வாழும் என்று பார்த்துத் தேர்ந்தால் மாற்றுச் செடிகளுக்குப் பஞ்சமே இல்லை. அரிக்கா பாம், பறவைக்கூடு பெரணி, மான்கொம்புப் பெரணி, ஹோயா, பெப்பரோமியா, கலத்தியா, ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட், ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் பெரணி ஆகியவை பூனைக்கு நச்சில்லாதவை. இவற்றில் பறவைக்கூடு பெரணி இங்கே சாலையோர மழைமரங்களில் தானாகவே தொற்றி வளர்வது. வரவேற்பறை மூலையில் வைத்தால் பெரிய இலைகளோடு கெலாடியின் இடத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். கலத்தியா ஏர்கான் அறையில் ஓரம் கருகும், கூடத்தில் வைத்தால் தழைக்கும். ஆப்பிரிக்க வயலட்டும் பாதுகாப்பானதுதான், ஆனால் கோலாலம்பூர்ச் சூட்டில் அழுகிப்போகும். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஸ்பைடர் பிளாண்டின் தொங்கும் நுனிகளைப் பூனைகள் விடாமல் கடிக்கும். நச்சில்லை, ஆனால் செடி மொட்டையாகும், அதிகம் தின்றால் வாந்தியும் வரும்.

சுங்கை பூலோ நர்சரிகளில் ஒரே சுற்றில் இவை எல்லாம் கிடைக்கும். 'கெலாடி' என்ற பெயரில் கலேடியமும் இருக்கும், அலோகேசியாவும் இருக்கும். 'பாம்' என்ற பெயரில் அரிக்காவும் இருக்கும், சைக்கஸும் இருக்கும். பெயரைக் கேட்டு வாங்காமல் இலையைப் படம் எடுத்து, தாவரப் பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள்.

மறைந்திருக்கும் செலவு மண்ணில் இருக்கிறது. செடி பாதுகாப்பானது, ஆனால் நர்சரியில் அதன் வேரில் ஊற்றிய பூச்சிமருந்து பாதுகாப்பானது என்று யாரும் சொல்லவில்லை. வேர்வழி ஏறும் மருந்து இலைக்குள்ளேயே தங்கியிருக்கும், கழுவினால் போகாது. புதுச்செடியைக் குறைந்தது இரண்டு வாரம் பூனை எட்டாத இடத்தில் நிறுத்தி, இலையின் இருபுறமும் கழுவி, மேல்மண்ணை 3 முதல் 4 சென்டிமீட்டர் வரை எடுத்துவிட்டுப் புதுமண் போடுங்கள். அப்போது மஞ்சளாகவோ பச்சையாகவோ சின்னக் குண்டுமணி போன்ற உர உருண்டைகள் கண்ணில் படும். அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். நத்தைக்கு வைக்கும் நீல வில்லைகளில் பெரும்பாலும் மெட்டால்டிஹைட் இருக்கும். பூனைக்கு வலிப்பு வரவைக்கும். பூனை நடமாடும் வீட்டில் அந்தப் பொட்டலமே வேண்டாம்.

அகற்றிய செடி எங்கே போகிறது என்பதும் கணக்கில் சேரும். சைக்கஸைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டி ஓரம் போட்டால் தெருப்பூனைகளுக்குப் பிரச்சினை. பெண் செடியாக இருந்தால் நடுவில் ஆரஞ்சு நிற விதைகள் இருக்கும். கையுறை போட்டு அவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கி, பையில் கட்டிப் போடுங்கள். அடியில் கிளைக்கும் குருத்துகளையும் தோண்டி எடுக்காவிட்டால் மீண்டும் முளைக்கும்.

*எப்போது இதுவே சிறந்தது:* குட்டிப்பூனை, வாடகை வீடு, ஜன்னல் வெளிச்சம் குறைந்த வீடு, அல்லது வாரத்துக்கு அரைமணி நேரம்கூட ஒதுக்க முடியாத வாழ்க்கை.

## உயரத்தில் தொங்கவிடுவது

பார்க்க அழகு, எல்லோரும் முதலில் யோசிப்பதும் இதுதான். கணக்குப் போட்டால் பலவீடுகளில் விடை தப்பாக வருகிறது.

10 அடி உயரக் கூரை என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 3 மீட்டர். கொக்கியில் மாட்டிய கயிறு 60 சென்டிமீட்டர், தொட்டி 20 சென்டிமீட்டர். தொட்டியின் அடி தரையிலிருந்து 2.2 மீட்டரில் நிற்கும். மணி பிளாண்ட் ஒரு மீட்டர் தொங்கினால் நுனி 1.2 மீட்டரில். ஆரோக்கியமான பூனை நின்ற இடத்திலிருந்தே ஒன்றரை மீட்டருக்கு மேல் தாவும். கொடியை 30 சென்டிமீட்டருக்குள் கத்தரித்து வைத்தால் தரையிலிருந்து எட்டாது. ஆனால் பக்கத்தில் 80 சென்டிமீட்டர் உயர சோபா முதுகு இருந்தால் அங்கிருந்து தாவி 2.3 மீட்டரைத் தொடும். தொட்டியின் அடியே அதற்குக் கைக்கெட்டும் தூரம். ஆகவே கொக்கிக்கு நேர்கீழே மட்டுமல்ல, சுற்றிலும் ஒன்றரை மீட்டருக்குள் சோபா, புத்தக அலமாரி, குளிர்பெட்டி, திரைச்சீலை எதுவும் இருக்கக் கூடாது. கொண்டோ கூடத்தில் அப்படி ஒரு இடம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மின்விசிறி வேறு நடுவில் இருக்கும். அதன் காற்று படும் இடத்தில் செடி வறண்டு, இலை உதிர்க்கும்.

உதிரும் இலைதான் இந்த வழியின் உண்மையான ஓட்டை. ஜன்னலின் மேல்விளிம்புக்கு மேலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே தொங்கும் செடி அடி இலைகளை மஞ்சளாக்கி உதிர்க்கும். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் அந்த இலை தரையில் விழுந்து, விசிறிக் காற்றில் நகரும். நகர்வதைப் பூனை விடுமா?

மற்ற செலவுகள்: 20 சென்டிமீட்டர் தொட்டி தண்ணீர் ஊற்றியதும் 4, 5 கிலோ வரும். பிளாஸ்டர் சீலிங்கில் திருகிய கொக்கி அதைத் தாங்காது. மேலே கான்கிரீட் தளத்தில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட வேண்டும். வாடகை வீட்டில் அது முன்பணத்தைக் கரைக்கும். இதற்குமேல் ஏடிஸ் கொசு. தட்டில் தேங்கும் தண்ணீர் ஏணி போட்டு ஏறினால்தான் தெரியும் என்றால் யாரும் வாராவாரம் பார்க்க மாட்டார்கள். கொசுமுட்டை முதிர்ந்து பறக்க ஒரு வாரம் சொச்சம் போதும். சுகாதாரத் துறை சோதனைக்கு வந்து ஜெந்திக்-ஜெந்திக் (கொசுப்புழு) கண்டால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் அபராதம்.

*எப்போது இதுவே சிறந்தது:* வயதான, கனத்த, தாவாத பூனை, சொந்த வீடு, தொங்கவிடுவது ஹோயா போல நச்சில்லாத செடி. அதாவது, தப்பினாலும் ஒன்றும் ஆகாத நிலையில்.

## கண்ணாடி அலமாரி

ஐகியாவின் கண்ணாடிக் கதவு அலமாரியைச் செடிக்கூண்டாக மாற்றுவது உலகெங்கும் பரவிய பழக்கம். குளிர்நாடுகளில் அது ஈரப்பதத்தைத் தக்கவைக்க. நமக்கு ஈரப்பதம் ஏற்கெனவே தாராளம். நம் வீட்டில் அலமாரி பூனைக்காகத்தான். ஆகவே யூடியூபில் காட்டுவதுபோல் இடுக்குகளை ஸ்டிக்கர் நாடா ஒட்டி அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே புழுங்கி, இரண்டு வாரத்தில் மண்ணின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படரும், இலைக்காம்பு அழுகும்.

செய்ய வேண்டியது இது. பின்பலகையில் மேலும் கீழும் கைம்முஷ்டி அளவு இரண்டு துளை. அவற்றின் மேல் துருப்பிடிக்காத கம்பிவலை. மிஸ்டர் டிஐஒய்யில் அல்லது எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கீழ்த்துளையில் யூஎஸ்பி மின்விசிறி ஒன்று. ஒவ்வொரு தட்டுக்கும் எல்இடி பட்டை, டைமரில் 10 முதல் 12 மணி நேரம். 20 வாட் விளக்கு தினம் 12 மணி எரிந்தால் மாதம் 7 யூனிட் சொச்சம். மின்கட்டணத்தில் அது சில வெள்ளிதான் (ரிங்கிட்). அலமாரியை மாலை வெயில் விழும் மேற்கு ஜன்னலோரம் வைக்காதீர்கள், உள்ளே செடி வெந்துவிடும்.

கதவில்தான் கவனம் தேவை. உடன்வரும் காந்தப் பிடிப்பை ஒரு பூனை நகத்தை இடுக்கில் விட்டு இழுத்தே திறந்துவிடும். குழந்தைகளுக்காக விற்கும் அலமாரிப் பூட்டு ஒன்றைக் கதவின் நடுவில் போடுங்கள், மேலே அல்ல. மேலே போட்டால் கீழ்மூலை வளைந்து கொடுக்கும். அலமாரியைச் சுவரோடு திருகிப் பொருத்துவது கட்டாயம். ஈரமண் தொட்டிகளோடு நிற்கும் உயரமான கண்ணாடிப் பெட்டியின் மேல் 5 கிலோ பூனை தாவி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறைசெலவு பணமல்ல, நேரம். உள்ளேயே தண்ணீர் ஊற்றினால் தட்டில் வழிந்து தேங்கும். ஒவ்வொரு தொட்டியாக சிங்க்குக்குக் கொண்டுபோய், ஊற்றி, வடித்து, திரும்ப வைக்க வேண்டும். பத்துத் தொட்டிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த முக்கால் மணி நேரமும் செடி வெளியே இருக்கிறது, பூனை காலைச் சுற்றுகிறது. கத்தரித்த தண்டுகளை சிங்க்கில் போட்டுவிட்டு போன் எடுக்கப் போவது, இந்த வழியில் வழக்கமாக நடக்கும் விபத்து. தண்ணீர் ஊற்றும் நேரத்தில் பூனை இன்னொரு அறையில் இருக்கட்டும்.

*எப்போது இதுவே சிறந்தது:* சில விலைமதிப்பான அரிய செடிகளைக் கைவிட மனமில்லாதவர், சொந்த வீடு, செடி வேலையையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர். பெரிய மான்ஸ்டெராவுக்கு இது உதவாது. ஆறு மாதத்தில் இலை கண்ணாடியை முட்டும்.

## பால்கனிக்கு ஒதுக்குவது

செடிக்கு வெளிச்சம், பூனைக்கு வீடு, நடுவில் நெகிழ்கதவு. தாளில் இதைவிட எளிமையான தீர்வு இல்லை. செடிகளும் உள்ளே இருந்ததைவிட வேகமாக வளரும்.

ஆனால் கோலாலம்பூர் ஃபிளாட்டிலும் கொண்டோவிலும் பால்கனி என்பது துணிகாயும் இடமும்கூட. கைநிறைய ஈரத்துணியோடு கதவைக் காலால் தள்ளும் நேரத்தில் பூனை நழுவும். அப்போது மணி பிளாண்ட் இரண்டாவது கவலை. முதல் கவலை பத்தாவது மாடிக் கம்பி. அதனால் 'பூனை அங்கே போகாது' என்று நம்பி பால்கனியைத் திறந்தபடி விடக் கூடாது. கம்பிக்கு உட்புறம் வலை வேண்டும். கண்ணி அகலம் 4 சென்டிமீட்டருக்குள், குட்டி என்றால் 3-க்குள். நைலான் வலை வெயிலில் நாளடைவில் நொறுங்கும். இரும்பு வெல்ட் வலை துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு விலை கூடுதல், ஆனால் ஒருமுறை வேலை. கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றும் எதற்கும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவைப்படும். உட்புறமாக கேபிள் டையில் கட்டும் வலையைப் பல நிர்வாகங்கள் கண்டுகொள்வதில்லை என்றாலும் முன்கூட்டிக் கேட்பது நல்லது.

காந்தம் வைத்த கொசுத்திரையைக் கதவில் மாட்டித் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மனிதன் கைபடாமல் தள்ளிக்கொண்டு நுழைவதற்காகச் செய்த பொருள் அது. பூனைக்கு அது கதவே இல்லை.

பினாங்கில் தஞ்சோங் பூங்கா, கர்னி டிரைவ் பக்கம் உயர்மாடிகளில் கடற்காற்று தனிப் பிரச்சினை. அகன்ற மெல்லிய இலைகள் கிழிந்து வீட்டுக்குள்ளேயே பறந்து வரும். அங்கே பாம்புச் செடி போலத் தடித்த இலைகள்தான் தாக்குப்பிடிக்கும். தொட்டிகளைக் கம்பிமேல் வைப்பதை மறந்துவிடுங்கள்.

*எப்போது இதுவே சிறந்தது:* துணி காயப்போட வேறு யார்டு இருக்கும் வீடு, செடிகள் ஏராளம், பெரியவை, வயது வந்தோர் மட்டும் உள்ள வீடு. ஓடியாடும் பிள்ளைகள் இருந்தால் அந்தக் கதவு ஒரு நாளும் முழுதாக மூடியிருக்காது.

## கசப்பு ஸ்பிரேயும் பாட்டி வைத்தியமும்

சுருக்கமாக: தனியாக நம்ப வேண்டாம். கசப்பு ஸ்பிரே சில பூனைகளைத் தடுக்கும், சில பூனைகள் சட்டையே செய்யாது. ஈரக்காற்றில் சீக்கிரம் நீர்த்துப்போகும், புது இலை வந்ததும் மீண்டும் அடிக்க வேண்டும். ஒரே ஒரு செடியின் ஒரே ஒரு கிளையை மட்டும் குறிவைக்கும் பூனைக்குத் துணைவழியாகப் பயன்படலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் மற்றவை செடியைவிட மோசம். காப்பித்தூளில் கஃபீன், பூச்சி உருண்டையில் நாப்தலீன், டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்கள். மூன்றும் பூனைக்கு நச்சு. மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டிக் கண்ணுக்குப் போகும். மண்ணைக் கிளறுவதுதான் பிரச்சினை என்றால் மேலே பெரிய கூழாங்கல் பரப்பினால் முடிந்தது.

இதைவிட உருப்படியான துணைவழி, மெல்லுவதற்கு வேறொன்று கொடுப்பது. பூனை புல் மெல்வது இயல்பான பழக்கம். தடுத்தால் வேறு இலைக்குத் தாவும். மளிகைக்கடையில் முழுக் கோதுமை வாங்குங்கள், விதைநேர்த்தி மருந்து கலந்த விதைப் பாக்கெட் வேண்டாம். 8 மணி நேரம் ஊறவைத்து, அகலமான தட்டில் நெருக்கமாகப் பரப்பி அரை விரல் மண் போடுங்கள். ஏழெட்டு நாளில் 10 சென்டிமீட்டர் வளரும். நம் ஊரில் கெடுப்பது அதிகத் தண்ணீர்தான்: அடியில் சாம்பல் பூஞ்சை தெரிந்தால் தட்டோடு கொட்டிவிடுங்கள். வாரம் ஒரு தட்டு என்று சுழற்சியில் விதைத்தால் இடைவெளி விழாது. குப்பைமேனியின் பிடுங்கிய வேருக்குப் பூனைகள் கிறங்கி உருளும் என்பது ஊரறிந்தது, ஆனால் கிறங்குவதும் தின்னத்தக்கதும் வேறுவேறு. அதை மேய விடாதீர்கள்.

## வாய் வைத்துவிட்டால்

மணி பிளாண்ட் கூட்டம் என்றால் வாயை ஈரத்துணியால் துடைத்து, குடிக்கத் தண்ணீர் அல்லது டின் சூரைமீனின் நீர் (எண்ணெயும் உப்பும் சேராதது) கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் எச்சில் குறையாவிட்டாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ, வாய் வீங்கினாலோ மருத்துவரிடம்.

லில்லி, சைக்கஸ், அரளி, அடீனியம் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். லில்லியில் 18 மணி நேரத்துக்குள் நரம்புவழித் திரவம் ஏற்றத் தொடங்கினால் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. தாமதித்தால் சரசரவென்று குறைகிறது. ரோமத்தில் மகரந்தம் ஒட்டியிருந்தால் நக்கவிடாமல் துணியில் சுற்றி, கழுவி, கிளம்புங்கள். செடியின் ஒரு இலையைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். உப்புத்தண்ணீரோ ஹைட்ரஜன் பெராக்சைடோ கொடுத்து வீட்டில் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். பூனையின் இரைப்பையைப் பெராக்சைடு புண்ணாக்கிவிடும். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதை இன்றைக்கே போனில் சேர்த்து வையுங்கள்.

## யாருக்கு எது

வாடகைக் கொண்டோ, ஒரு குட்டி, பத்துத் தொட்டி: இரண்டாம், மூன்றாம் கூட்டத்துச் செடிகளை அடுத்த ஓராண்டுக்கு யாரிடமாவது ஒப்படையுங்கள். பெரணி, பெப்பரோமியா, கலத்தியா வையுங்கள். கூடவே கோதுமைப்புல். குட்டி ஒரு வயதைத் தாண்டி, இலையில் பல் பதிப்பதை நிறுத்தியபிறகு மணி பிளாண்டை மெல்லத் திரும்பக் கொண்டுவரலாம்.

சொந்த கொண்டோ, வளர்ந்த பூனை, அரிய செடிகள்: சின்னவை கண்ணாடி அலமாரிக்கு, பெரியவை வலைபோட்ட பால்கனிக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் ஆகக் குறைவாகத் தவறும்.

டெரஸ் வீடு, வாசலில் அரளி, உள்ளே பூனை: பூனை வெளியே போகாது என்றாலும் அரளி உள்ளே வரும். பூஜைக்குப் பறித்த பூ, படத்துக்குப் போட்ட மாலை, மறுநாள் கழற்றிய மாலை. சாமி படம் பூனை ஏறும் உயரத்தில் இருந்தால் அரளிக்குப் பதில் மல்லிகை வாங்குங்கள், மல்லிகை நச்சில்லை. சாமந்தி வயிற்றைக் கலக்கும், தோலையும் அரிக்கவைக்கும். எந்தப் பூவாக இருந்தாலும் மாலையின் நூலைப் பூனைக்கு விடாதீர்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுக்கும், அறுவை சிகிச்சையில்தான் முடியும். வாடிய மாலையைக் கழற்றியதும் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள், வாசற்படியில் வைக்க வேண்டாம்.

அறைத்தோழர்களோடு வாடகை வீடு, செடி அவர்களுடையது, பூனை உங்களுடையது: பூனை இருக்கும் பொது இடத்தில் எந்தச் செடியும் வராது என்று பேசி முடிவு செய்யுங்கள், அவர்கள் அறைக்குள் வைத்துக் கதவை மூடிக்கொள்ளட்டும். சீனப் பெருநாள் வாரத்தில் யாராவது லில்லிப் பூச்செண்டு கொண்டுவந்தால் அதுவும் அறைக்குள் இல்லை, வீட்டுக்கு வெளியே. விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள்: ஆர்க்கிட் கொண்டுவாருங்கள், லில்லி வேண்டாம்.